மூச்சைக் கவனி... காசையும் கொஞ்சம் கவனி!

போன மாதம் எங்கள் கல்லூரி ஆடிட்டோரியத்தில் ஏறக்குறைய நானூறு பேர் உட்கார்ந்து திராட்சை தின்றோம். ஆளுக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. பாயசத்தில் மிதக்குமே, அந்த உலர்ந்த திராட்சைதான். கையில் வந்ததும் வாயில் போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், சுருக்கங்களைத் தடவ வேண்டும், காதருகே கொண்டுபோய் உருட்ட வேண்டும், முகர வேண்டும், கடைசியில்தான் நாக்கு. எனக்கு வந்ததில் காம்பு இருந்தது. பின் வரிசையில் ஒருத்தன் முதல் நிமிடத்திலேயே விழுங்கிவிட்டு "சார், இன்னொண்ணு" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதற்குப் பெயர் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. நான் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திராட்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1979-ல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியோடும் நோயோடும் அல்லாடியவர்களுக்காக எட்டு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியானமும் கொஞ்சம் ஹடயோகமும் கலந்து, மதத்தைக் கழித்துவிட்டுக் கொடுத்த மருந்து அது. திராட்சை அந்த வகுப்பின் முதல் பாடம்.

எனக்குப் பிரச்சினை திராட்சையில் இல்லை. கடைசியில் மைக் பிடித்த எங்கள் நிர்வாகப் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. "தலைக்குக் கணக்குப் பார்த்தா ஒரு பிரியாணி விலைகூட வராது. மாணவர்கள் மனநலத்துக்கு இதைவிடச் சிக்கனமா எதுவும் செய்ய முடியாது." கைதட்டல். (நானும் தட்டினேன். பழக்கதோஷம்.)

அதே ஆடிட்டோரியத்தின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. போன வருடம் வரை செவ்வாய், வெள்ளிகளில் ஒரு கவுன்சிலர் மேடம் வந்து உட்கார்ந்திருப்பார். இந்த வருடம் வரவில்லை. பட்ஜெட் இல்லையாம். இப்போது அந்த அறையில் பயிற்சிக்கு வாங்கிய பாய்களைச் சுருட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஹாஸ்டலில் என் பக்கத்து அறைப் பையன் ஜூலையில் இரண்டு முறை அந்தக் கதவு வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். ஆகஸ்டில் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினான். செப்டம்பரில் அவன் அப்பா வந்து பெட்டியைக் கட்டி ஊருக்கு அழைத்துப் போனார். செமஸ்டர் போச்சு. ஆள் நன்றாக இருக்கிறான், பேசினேன். ஆனால் அந்தச் "சிக்கனம்" என்ற வார்த்தை அன்றைக்கு என் காதில் விழுந்ததிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொருளாதாரம் படிக்கிறவனுக்கு வேறு என்ன வேலை, கணக்கைப் பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் விஷயம். மலிவு வேறு, செலவுக்கேற்ற பலன் வேறு. இது தெரியாமல் பேசுகிறவர்கள்தான் பெரும்பாலும் கமிட்டிகளில் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் நைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது (பெயர்தான் நைஸ், ஆள் கறார்). அரசு மருத்துவச் சேவையில் எந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்வது அதன் வேலை. அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலுக்குக் குவாலி என்று பெயர். ஒரு வருடம் முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்தால் 1. செத்துப்போனால் 0. படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கழித்த வருடத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று, பேச்சுக்கு 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிகிச்சை அதை 0.6 ஆக்கினால் லாபம் 0.1. அதற்குக் கூடுதலாக 1,000 பவுண்டு செலவானால் ஒரு முழு குவாலியின் விலை 10,000 பவுண்டு. பல வருடங்களாக அங்கே 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் அடங்கினால் "சரி, கொடுக்கலாம்" என்பது நடைமுறையாக இருந்தது.

இதில் உயிர்நாடி "கூடுதலாக" என்ற வார்த்தை. எதைவிடக் கூடுதல்? ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருப்பதைவிட. அதாவது ஒப்பிட ஒன்று வேண்டும். தலைக்கு எவ்வளவு என்பது இந்தக் கணக்கின் மேல்பாதி மட்டும்தான். கீழ்பாதி, எவ்வளவு குணமானது என்பது. மேலே எவ்வளவு சின்ன எண்ணைப் போட்டாலும், கீழே பூஜ்யம் வந்தால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பையனைக் கேளுங்கள், சொல்வான்.

பூஜ்யம் வருமா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. பிரிட்டனில் மிரியட் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவுகள் 2022-ல் வெளிவந்தன. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 13 வயது வரை உள்ள 8,000-க்கும் அதிகமான பிள்ளைகள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மைண்ட்ஃபுல்னஸ் பாடம், பத்து வகுப்புகள். இன்னொரு பாதிக்கு வழக்கமாக அந்தப் பள்ளிகளில் நடக்கும் வாழ்க்கைத்திறன் வகுப்பு. ஒரு நாள் திராட்சைக் கூத்து இல்லை இது. ஆசிரியர்களே முதலில் தங்களுக்காக எட்டு வாரம் கற்றுக்கொண்டு, அப்புறம் பாடம் நடத்தத் தனிப் பயிற்சியும் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைந்தார்கள். நடத்தியவர்களும் எதிரிகள் இல்லை, இந்தத் துறையில் ஊறிய ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மனச்சோர்வு அபாயத்திலோ நடத்தையிலோ மனநலத்திலோ இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. செலவுக்கேற்ற பலனும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஏற்கனவே மனநலப் பிரச்சினைக்கான அபாயத்தில் இருந்த பிள்ளைகளுக்குச் சில அளவுகளில் லேசாக மோசமானதற்கான அறிகுறிகூடத் தெரிந்தது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். யாருக்காக இந்தத் திட்டம் அவசியம் என்று சொன்னார்களோ, அவர்களுக்கு.

பிள்ளைகளை விடுங்கள், ஆபீஸ்காரர்கள்? 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு, மனநல ஆப், தாக்குப்பிடிக்கும் திறன் பயிற்சி என்று ஊழியர் தலையில் கட்டப்படும் சமாச்சாரங்களில் கலந்துகொண்டவர்களும் கலந்துகொள்ளாதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். (இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை, ஒரே சமயத்தில் எடுத்த படம். அதனால் மிரியட் அளவுக்கு இதன்மேல் எடை வைக்க மாட்டேன்.) மேனேஜர் ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் அனுப்புவதை நிறுத்துவதற்குப் பதில், மெயில் வரும்போது மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பது நிறுவனத்துக்கு வசதிதான், இல்லையா?

இந்த இடத்தில் சில நண்பர்கள் குஷியாகி "அப்பவே சொன்னோம்ல, எல்லாம் ஃபிராடு" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் சாமிகளா. உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

மனச்சோர்வு ஒருமுறை வந்து போகிற ஜலதோஷம் மாதிரி இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், வர வர அடுத்தது வரும் வாய்ப்பு கூடும். இதைத் தடுக்கத்தான் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று பேர், கபாட்-ஸினின் எட்டு வாரத்தோடு அறிவுசார் நடத்தைச் சிகிச்சையைச் சேர்த்து ஒரு வகுப்பை உருவாக்கினார்கள். 2000-ல் வெளியான முதல் சோதனையில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 60 வாரத்துக்குள் மறுபடி வந்தது 66 சதவீதம். இந்த வகுப்புக்குப் போனவர்களுக்குச் சுமார் 40 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்கோ பலன் இல்லை! எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த ஆய்வு இதுதான். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், ஒரே திராட்சை. ஒரு கூட்டத்துக்கு அமிர்தம், இன்னொரு கூட்டத்துக்கு வெறும் திராட்சை. 2004-ல் நைஸ் இதைப் பரிந்துரைத்தபோதும் "மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு" என்றுதான் சொன்னது. எல்லோருக்கும் என்று சொல்லவில்லை.

அப்புறம் 2015-ல் லான்செட்டில் பிரிவென்ட் என்ற ஆய்வு வந்தது. 424 பேர், எல்லோரும் மறுபடி மறுபடி மனச்சோர்வு கண்டு மாத்திரையில் இருப்பவர்கள். பாதிப் பேர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மறுபாதி எட்டு வார வகுப்பும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க உதவியும் பெற்றார்கள். இரண்டு வருடத்தில் மறுபடி வந்தது வகுப்புக்காரர்களில் 44 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 47 சதவீதம். பத்திரிகைகள் "மாத்திரைக்கு நிகர்!" என்று கொண்டாடின. ஆய்வாளர்கள் நிரூபிக்கக் கிளம்பியதோ, வகுப்பு மாத்திரையைவிடச் சிறந்தது, செலவுக்கும் மேல் என்பதை. இரண்டும் நிரூபணமாகவில்லை என்று அவர்களே நேர்மையாக எழுதினார்கள். மாத்திரை வேண்டாம் என்கிறவருக்கு ஒரு நல்ல மாற்றுவழி கிடைத்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் "சிக்கனம்" என்று தோரணம் கட்ட அதில் ஒன்றும் இல்லை.

தோரணம் கட்டத் தகுதியான ஆய்வுகளும் இருக்கின்றன. 2023-ல் வெளியான ஒன்றில் 410 பேர், லேசான அல்லது மிதமான மனச்சோர்வு உள்ளவர்கள். பாதிப் பேருக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிப் புத்தகம், மறுபாதிக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சைப் புத்தகம். இரண்டு பக்கமும் பயிற்சி பெற்ற ஒருவர் ஆறு முறை பேசி வழிநடத்தினார். மைண்ட்ஃபுல்னஸ் பக்கம் குணம் கொஞ்சம் கூடுதல். செலவோ தலைக்குச் சராசரியாக 500 பவுண்டுக்கு மேல் குறைவு. ஏன் தெரியுமா? புத்தகம் மலிவு என்பதால் இல்லை, இரண்டுமே புத்தகம்தான். மற்ற பக்கத்தவர்கள் பிற்பாடு தனிச் சிகிச்சைக்கு அதிகம் போக வேண்டி வந்தது. மிச்சம் வந்தது குணத்திலிருந்து. விலைச்சீட்டிலிருந்து இல்லை.

2025-ல் இன்னொன்று. பிரிட்டனின் அரசு பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தில் முழுசாகச் சிகிச்சை எடுத்தும் குணமாகாத 234 பேர். "எங்களால் முடிந்தது இவ்வளவுதான்" என்று கைவிடப்பட்ட வரிசை. அவர்களில் பாதிப் பேருக்கு வீடியோ வழியாக எட்டு வாரக் குழு வகுப்பு. தலைக்கு 100 பவுண்டுக்கும் குறைவு. மனச்சோர்வு குறைந்தது, ஒட்டுமொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. இப்போது சொல்லுங்கள், ஃபிராடா?

ஆக, "மைண்ட்ஃபுல்னஸ் செலவுக்கேற்றதா?" என்ற கேள்விக்கு பதிலே கிடையாது. குடை விலை சரியா என்று கேட்பது மாதிரி. மழையில் நிற்கிறவனிடம் கேட்டால் ஒரு பதில், ஆடிட்டோரியத்துக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் வேறு பதில். நானூறு பேரை உள்ளே உட்காரவைத்து ஆளுக்கொரு குடை கொடுத்துவிட்டு, வெளியே நனைகிறவனைப் பார்த்து "குடைக்கு பட்ஜெட் முடிஞ்சுது தம்பி" என்பதுதான் எங்கள் கல்லூரியில் நடந்தது.

இங்கே பெரும்பாலான கணக்குகளில் விட்டுப்போகும் ஒரு செலவைச் சொல்லியாக வேண்டும். நோயாளியின் நேரம். 2022-ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹோஜ் குழுவினர் பதற்ற நோய் உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை, மறுபாதிக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு கொடுத்தார்கள். வகுப்பு மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்று வந்தது. பக்கவிளைவு மாத்திரைப் பக்கம்தான் மிக அதிகம். அருமையான செய்தி. ஆனால் வகுப்பு என்றால் என்ன? வாரம் இரண்டரை மணி நேரம், எட்டு வாரம். அது 20 மணி. வீட்டில் தினம் 45 நிமிடம், 56 நாள். அது 42 மணி. நடுவில் ஒரு நீண்ட நாள் பயிற்சி. மொத்தம் அறுபது மணி நேரத்துக்கும் மேல். மாத்திரை விழுங்க எவ்வளவு நேரம்? தண்ணீர் டம்ளர் தேடுவதையும் சேர்த்து அரை நிமிடம்.

நைஸ் கணக்கில் மருத்துவச் சேவைக்கும் சமூகப் பராமரிப்புக்கும் ஆகும் செலவுதான் பிரதானம். நோயாளி செலவழித்த அறுபது மணி நேரம் அந்தப் பேரேட்டில் ஏறாது. ஏசி ஆபீஸ்காரருக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், எட்டு மணிக்குத் திரும்பிச் சோறு வடிக்கிறவளுக்கு ஒரு வார கூலிக்கு மேல். அவளிடம் போய் "இது இலவசம்மா" என்று சொல்லாதீர்கள். சிரிப்பாள். (என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உட்கார்ந்து மூச்சு விடறதுக்கு யாரு டைம் கொடுக்கறா" என்றாள். சுகாதாரப் பொருளாதாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது அம்மா.)

"நம்ம சரக்கைத்தான் வெள்ளைக்காரன் பாக்கெட் போட்டு நமக்கே விக்கிறான்" என்று ஒரு பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். இருக்கட்டுமே. எங்கிருந்து வந்தது என்பதற்கும் வேலை செய்கிறதா என்பதற்கும் என்ன சம்பந்தம்? கோயங்காவின் விபாசனா முகாம்களில் பத்து நாளைக்குக் கட்டணம் கிடையாது, விரும்பியதை நன்கொடையாகக் கொடுக்கலாம். சந்தோஷம். ஆனால் பத்து நாள் மௌனத்தில் உட்கார்வது தீவிர மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று யாராவது சோதித்துக் காட்டும்வரை, அதையும் நான் மேற்படி கணக்கில் சேர்க்கமாட்டேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு சிகிச்சை இருக்கிறது. ஏற்றலும் உறுதியும் சார்ந்த சிகிச்சை, சுருக்கமாக ஆக்ட் என்பார்கள். ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. வேதனையான எண்ணத்தோடு மல்லுக்கட்டாதே, அது இருந்துவிட்டுப் போகட்டும், உனக்கு முக்கியமான வேலையைச் செய் என்பது சாராம்சம். நாள்பட்ட வலிக்கு இதை யோசிக்கலாம் என்று 2021-ல் நைஸ் சொன்னது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது உகாண்டாவில் நடந்தது.

தெற்கு சூடானில் போருக்குத் தப்பி உகாண்டாவின் ரைனோ முகாமில் தங்கியிருந்த பெண்கள். மனநல மருத்துவர் என்று ஒருவரைத் தேடினாலும் கிடைக்காத இடம். உலக சுகாதார நிறுவனம் ஆக்ட் அடிப்படையில் ஒரு பயிற்சியைத் தயாரித்தது. ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 20 முதல் 30 பேர் வட்டமாக உட்கார்வார்கள். முன்பே பதிவு செய்த ஒலிப்பதிவு ஓடும். கூடவே படம் போட்ட புத்தகம், படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி. நடத்துகிறவருக்குச் சைக்காலஜி பட்டம் வேண்டியதில்லை, குறுகிய பயிற்சி போதும். 14 கிராமங்களில் 694 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஒரு சுகாதாரப் பணியாளரின் அரை மணி நேரப் பேச்சை மட்டும் கேட்டவர்களைவிட இவர்களுக்கு மனவேதனை குறைவு. மாயாஜாலம் இல்லை, ஓரளவுதான். துருக்கியில் சிரியா அகதிகளிடம் ஆறு மாதம் கழித்தும் நல்ல பலன் தெரிந்தது. அதே ஒலிப்பதிவு, அதே புத்தகம், மேற்கு ஐரோப்பாவில் இருந்த அகதிகளுக்குக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் வித்தியாசம் காணவில்லை.

பார்த்தீர்களா, மறுபடியும் அதே கதை! ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒலிப்பதிவு பெரிய வரம். வேறு உதவிகள் உள்ள இடத்தில் அதே ஒலிப்பதிவு அவற்றோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. ஒப்பிட என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது.

இந்த உகாண்டா உதாரணத்தைத்தான் நம் ஊர் ஆட்கள் தவறாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது. "பாரு, டாக்டரே வேண்டாம், கேசட் போட்டாலே போதும்" என்று. முகாமில் டாக்டர் இல்லை என்பதால் கேசட். இங்கே ஆள் இருந்தார், அறை இருந்தது, நாற்காலிகூட இருந்தது. நாமாக நிறுத்தினோம்.

2015-16 தேசிய மனநல ஆய்வை நிம்ஹான்ஸ் நடத்தியபோது, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசித்தால், இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் யாரிடம் போக வேண்டும்? இதே இந்தியாவில் கோவாவில் வழி காட்டியிருக்கிறார்கள். விக்ரம் பட்டேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில், உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீவிர மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2017-ல் லான்செட்டில் முடிவு வந்தது. பலன் இருந்தது, செலவுக்கேற்றதாகவும் இருந்தது. அது மைண்ட்ஃபுல்னஸும் இல்லை, ஆக்டும் இல்லை. சோர்ந்து முடங்கினவரை மறுபடி சின்னச் சின்ன வேலைகளில் இறக்கும் சாதாரண முறை. ஆனால் முதலில் கேள்வித்தாள் வைத்து, யாருக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்களுக்குக் கொடுத்தார்கள். கணக்கில் கீழ்பாதி பூஜ்யமாகாமல் காப்பாற்றியது அந்தக் கேள்வித்தாள்தான்.

பொருளாதார முதலாமாண்டுப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வரும். ஒன்றை வாங்கியதால் எதை வாங்காமல் விட்டோமோ, அதுதான் உண்மையான விலை. நாமெல்லாம் இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, அதே. எங்கள் பயிற்சி நாளுக்கு ஆன தொகையை நானூறால் வகுக்காமல் முழுசாகப் பார்த்தால், கவுன்சிலர் மேடத்துக்கு ஒரு செமஸ்டருக்குக் கொடுத்த தொகைக்குக் கிட்டே வருகிறது (ஆபீஸில் தெரிந்த ஓர் அண்ணன் சொன்னது, அவர் வேலைக்கு உலை வைக்க வேண்டாம்). ஆக அந்தத் திராட்சையின் விலை பிரியாணி இல்லை. வாரம் இரண்டு நாள் திறந்திருந்த ஒரு கதவு.

"நானூறு பேருக்குப் பயன் என்பது பெரிசா, இருபது பேருக்குப் பயன் என்பது பெரிசா?" என்று என் வகுப்புத் தோழியே மடக்கினாள். நல்ல கேள்வி. நானூறு பேருக்குப் பயன் என்றால் நானே திராட்சை வாங்கித் தருவேன். நானூறு பேர் உட்கார்ந்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரிந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் யாரும் எதையும் அளக்கவில்லை. கடைசியில் கொடுத்த படிவத்தில் இருந்த ஒரே கேள்வி, "நிகழ்ச்சி பிடித்திருந்ததா?" எனக்கும் பிடித்திருந்தது. அன்றைக்கு இரண்டு வகுப்பு ரத்து :-)

அவள் விடவில்லை. "கவுன்சிலரால மட்டும் பயன் இருந்துச்சுன்னு அளந்தாங்களா?" இல்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன். அளக்கட்டும். எந்த மாணவனுக்கு எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது என்று பெயர் இல்லாமல் பதிந்து வைப்பது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் முடிகிற வேலை. அளந்தபிறகு கவுன்சிலர்தான் தண்டச் செலவு என்று வந்தால், இந்தப் பதிவை நானே வாபஸ் வாங்குகிறேன்.

முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த பயிற்சிக்கு முன், எல்லா மாணவர்களிடமும் விருப்பப்பட்டவர்கள் மட்டும் நிரப்புகிற மாதிரி ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும், அது உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சிக்குகிறவர்களுக்கு முதலில் ஆள் வேண்டும், அவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மிச்சத்தை யோசிக்க வேண்டும். எட்டு வார வகுப்பு வைத்தால் அது அவர்களுக்காக இருக்கட்டும், வருகைப்பதிவு கட்டாயம் இல்லாமல். பாய்களை வேறு எங்காவது வையுங்கள், அந்த அறை தேவைப்படும். இவ்வளவுதான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் நோட்டீஸ் போர்டில் இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு அறிவிப்பு வந்துவிட்டது, "அனைவரும் தவறாமல்" என்று அடிக்கோடிட்டு.

பி.கு: கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வியாழன் மாலை நாலரைக்கு லைப்ரரி வாசலுக்கு வரலாம். ஊருக்குப் போன என் பக்கத்து அறைக்காரன் முதல் கையெழுத்தைத் தபாலில் அனுப்பிவிட்டான்.